காதலுக்கு ஒரு சத்தியக்கடதாசி

கணவனும் மனைவியும் ஒரு குடிவரவு உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் அமர்ந்து, தாம் கணவனும் மனைவியுந்தான் என்று நிரூபிக்க வேண்டிய நிலை நகைச்சுவைக்குரிய விடயமாக முடியுமா? முடியும் என்று பீற்றர் வியர் என்னும் அவுஸ்திரேலிய நெறியாளர் 1990இல் வெளிவந்த தமது 'கிறீன் கார்ட்' படத்தில் காட்டினார். அதன் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2009இல் வந்த 'த புரொப்போசல்' போன்ற படங்களும் அதே தடத்தில் நடந்து பணம் சம்பாதித்தன. இன்றும் அமெரிக்க வதிவிட அட்டைக்கான நேர்முகப் பரீட்சை பற்றிப் பேச்செழுந்தால் வியரின் படமே நினைவுக்கு வருகிறது. ஆகவே அது சொன்ன கதையையும், சொல்லாது விட்ட கதையையும் ஒருங்கே நோக்குவது வீண்வேலையாகாது.

கதை எளியது. நியூயோர்க்கில் செடிகொடிகளின் மேல் பற்றுக்கொண்ட ஒரு பெண். கண்ணாடிக் கூரையின் கீழ்த் தோட்டம் அமைந்த ஒரு மாடிக் குடியிருப்பின் மேல் அவளுக்கு ஆசை. ஆனால் அந்த வீடு மணமானவர்களுக்கே கொடுக்கப்படும். ஒரு பிரெஞ்சுக்காரன், அவனுக்கு அந்நாட்டில் தங்கித் தொழில் செய்ய அட்டை வேண்டும். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வாசலிலேயே பிரிந்து போகின்றனர். பின்னர் உத்தியோகத்தர்கள் விசாரணைக்கு வர, ஓர் உணவுச்சாலையிற் பரிமாறுபவனாக வேலை செய்யும் 'கணவனை' அவள் தேடிப் பிடிக்கிறாள். விசாரணை சந்தேகத்தில் முடிகிறது. இருவரையும் தனித்தனியே விசாரிக்க நாள் குறிக்கப்படுகிறது. இடையிலுள்ள சில நாட்களில் ஒருவர் பழக்கவழக்கத்தை மற்றவர் பாடமாக்குகின்றனர். போகாத பயணங்களுக்கு வேடமிட்டுப் படம் பிடித்துப் பொய் அல்பம் தயாரிக்கின்றனர். பரீட்சையில் அவன் அவளுடைய முகப்பூச்சின் பெயரில் தடுக்கி விழுகிறான். நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆகிறது. அதற்குள் மெய்யாகவே காதல் வந்துவிடுகிறது.

படத்தின் சிறப்பை மறைக்க நாம் விரும்பவில்லை. ஜெரார் டெபார்டியூவின் பருத்த உடலும் முரட்டு நடையும் அந்த நாகரிகமான வீட்டிற்குள் நுழையும்போது ஒரு வர்க்கமே இன்னொரு வர்க்கத்தின் வரவேற்பறைக்குள் நுழைவது போல் இருக்கிறது. பாடமாக்கும் காட்சிகளே படத்தின் உயிர். பரீட்சைக்காகப் படித்தவன் படித்த பொருளின் மேலேயே ஆசை கொள்ளும் விந்தையை வியர் நுட்பமாகக் காட்டுகிறார். இன்னொன்றையும் அவர் கண்டிருக்கிறார்: குடிவரவுத் திணைக்களத்துக்கு முன்பே, வீட்டைக் கொடுக்கும் குழுவினரும் அவளுடைய திருமணத்தைப் பரிசோதிக்கின்றனர். சொத்தும் அரசும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. ஆயின் இந்த ஒற்றுமையை ஒரு சிரிப்போடு கடந்து போய்விடுகிறார்.

கடந்து போவது அவருக்கு எளிதாக இருந்தது. படத்தின் தொடக்கத்தில் சுரங்க ரயில் நிலையத்திலே வாளியைக் கவிழ்த்து மேளமாக அடிக்கும் கறுப்பின இளைஞன் ஒருவனைக் காண்கிறோம். அவனுடைய தாளம் படத்துக்கு வேண்டியிருந்தது, அவன் வேண்டியிருக்கவில்லை. அதுபோலவே, நாடு கடத்தப்படும் அபாயம் படத்துக்கு வேண்டியிருந்தது. அந்த அபாயத்தோடு நாள்தோறும் வாழ்பவர் வேண்டியிருக்கவில்லை. விண்ணப்பதாரியாக வருபவன் ஐரோப்பிய வெள்ளையன். தோற்றால் அவன் போவது பிரான்சுக்கு. மெக்சிக்கோவுக்கோ ஹெயிற்றிக்கோ அனுப்பப்படும் ஒருவனைக் கதாநாயகனாக்கியிருந்தால் அந்த முகப்பூச்சுக்குக் கொட்டகையில் எத்தனை பேர் சிரித்திருப்பர்?

இப்படம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1986இல், அமெரிக்கக் காங்கிரஸ் போலித் திருமணங்களுக்கெதிராக ஒரு சட்டம் இயற்றியது. குடிவரவுச் சட்டத்தை ஏய்க்கவென்று மணம் செய்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டரை இலட்சம் டொலர் வரை தண்டமும் அதில் விதிக்கப்பட்டன. இத்தகைய திருமணங்களில் ஏறத்தாழ முப்பது வீதம் ஐயத்துக்குரியவை என்று திணைக்களம் அதற்கு முந்திய ஆண்டில் செனற் குழுவிடம் கூறியிருந்தது. அந்தக் கணக்கெடுப்புப் புள்ளிவிபர முறைப்படி செல்லாதது என்பதைப் பின்னர் ஒரு வழக்கிலே திணைக்களமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கணக்குப் போயிற்று, சட்டம் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் கூரிய முனை தண்டனையன்று. மணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு நிபந்தனையுடன் கூடிய வதிவிடமே கிடைக்கும் என்பதும், இரண்டு ஆண்டு கழிய நிபந்தனையை நீக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து மனுச்செய்ய வேண்டும் என்பதுமே அது. இதன் பொருள் என்ன? பிரஜையாக உள்ளவரின் கையொப்பத்தில் மற்றவரின் வாழ்வு தொங்குகிறது. அடிக்கும் கணவனோடு இருந்தாக வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்ற நிலைக்குப் பெண்கள் பலர் தள்ளப்பட்டனர். பெண்கள் இயக்கங்களின் போராட்டத்தின் பின்னர், கொடுமைக்குள்ளான துணைவர் தனித்து மனுச்செய்யலாம் என்ற விலக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வியரின் படம் கொட்டகைக்கு வந்ததும் அதே ஆண்டில். படத்திலோ பிரஜை பெண், வீடும் அவளுடையது, அந்நியன் ஆண். இவ்வாறு அமைத்ததனால் இந்த அதிகார உறவின் கொடூரம் முழுவதும் அவனுடைய அழுக்குச் சப்பாத்து அவளுடைய கம்பளத்தை மிதிக்கும் வேடிக்கையாகச் சுருங்கிவிட்டது.

இனிப் பரீட்சையைப் பார்ப்போம். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் எழுதிய வாடகை உறுதி, ஒருவர் மற்றவரை உரித்தாளியாகக் குறித்த காப்புறுதிப் பத்திரம், சேர்ந்து சமர்ப்பித்த வருமானவரி அறிக்கை, புகைப்படங்கள், சத்தியக்கடதாசிகள் — இவையே அங்கு காதலின் சாட்சிகள். கூர்ந்து நோக்கினால் இவற்றுட் பெரும்பாலானவை சொத்தின் சாட்சிகள். கூலியைக் கையிற் காசாக வாங்கி, உறவினர் வீட்டின் பின்னறையில் வாழும் சோடியிடம் இவற்றில் எது இருக்கும்? 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் இன்னுமொரு படி சேர்ந்தது: துணையை அழைப்பவர், பொதுவாக, வறுமைக்கோட்டின் 125 வீதத்துக்குக் குறையாத வருமானம் காட்ட வேண்டும், முடியாதவர் பிணை நிற்க இன்னொருவரைத் தேட வேண்டும். பிரித்தானியாவிலும் இந்நோய் உண்டு. அங்கே 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண் என்று வைத்த எல்லை 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. வறியவரின் திருமணம் மெய்யானதாக இருக்கலாம். அவர் ஒரே கூரையின் கீழ் வாழ அது போதாது.

ஐயம் வலுத்தால் இருவரையும் வெவ்வேறாக வைத்துக் கேட்கிறார்கள். படுக்கையில் யார் எந்தப் பக்கம், பற்தூரிகை என்ன நிறம், நேற்று இரவு யார் சமைத்தார் என்ற வகைக் கேள்விகள். வழக்கறிஞர் இதை 'ஸ்ரோக்ஸ் நேர்முகம்' என்பர். இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. திணைக்களத்துக்கு எதிராக நியூயோர்க்கில் நடந்த ஒரு வழக்கின் முடிவில், 1976இல், தம்பதியருக்குச் சில உரிமைகள் வகுக்கப்பட்டன: முன்னறிவித்தல், வழக்கறிஞரின் துணை, விசாரணையைப் பதிவு செய்தல், முரண்பாட்டைக் காட்டி விளக்கம் கேட்டல். உரிமைக்காக வழக்காடியவரின் பெயர் இன்று தம்பதியர் அஞ்சும் சொல்லாகிவிட்டது.

இத்தகைய கேள்விகளுக்கு மெய்த் தம்பதியரே அதிகம் தடுமாறுவர் என்பதை மணம் செய்து நாளான எவரும் அறிவர். பத்து ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர் யன்னற் சீலையின் நிறத்தைக் கவனிப்பதில்லை. ஒத்திகை பார்த்தவரே ஒத்த விடை கூறுவர். ஆதலால் மெய்த் தம்பதியரும் ஒத்திகை பார்க்கின்றனர். தேநீர்க்கடை ரசீதைப் பத்திரப்படுத்துகின்றனர்; மாமியார் அனுப்பிய வாழ்த்துமடலைக் கோப்பில் இடுகின்றனர்; சிரிக்கும்போது படம் எடுத்தோமா என்று நினைத்துக்கொள்கின்றனர். உத்தியோகத்தர் இல்லாத இடத்திலும் உத்தியோகத்தரின் கண்ணோடு தம் வாழ்வைப் பார்க்கப் பழகிவிடுகின்றனர். இதுவே இப்பொருளின் உள்ளார்ந்த அவலம். பொய்ச் சோடி மெய்ச் சோடியாவதை வியர் சொன்னார். மெய்ச் சோடி நடிகராக்கப்படுவதைச் சொல்லும் துணிவு அவரிடம் இருக்கவில்லை. 2025இன் இறுதியில் சான் டியேகோ நகரில் இந்நேர்முகத்துக்கு வந்த சிலர் அங்கேயே, துணைவரின் கண்முன்னே, தடுப்புக்காவலில் எடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இன்று அவ்வறைக்குச் செல்பவர் எடுத்துச் செல்வது அல்பம் மட்டுமன்று.

படத்துக்கு இன்னொரு குருட்டுப் பக்கமும் உண்டு. சந்தித்தல், பழகுதல், காதலித்தல், மணத்தல் என்ற ஒழுங்கே மெய்த் திருமணத்தின் ஒழுங்கு என்று அது எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் பேசி, சாதகம் பார்த்து, ஒரு மாலையிற் பெண்பார்த்து முடித்த திருமணத்துக்கு இந்த அளவுகோலில் இடம் எங்கே? பிரித்தானியாவில் 1980களில் நடைமுறைக்கு வந்து 1997இல் நீக்கப்பட்ட 'முதன்மை நோக்க' விதி, இந்திய உபகண்டத்து மணமகன்மார் பலரைத் தடுத்தது இவ்விடத்திற்றான். திருமணம் உண்மையானதே எனினும், நாட்டுக்குள் வருவது அதன் முதன்மை நோக்கமன்று என்பதையும் அவர்களே நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்நியரை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. கடதாசி காட்டி வாழ்வை நிரூபிக்கச் சொன்ன அரசு நம்முடைய தீவிலும் இருந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளியிடம், மணமானவராயின் ஏழு ஆண்டும் மற்றவராயின் பத்து ஆண்டும் இடையறாது வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டது. மனைவி மக்களின் வாசத்துக்கும் கேட்டது. லயத்தில் தாலி கட்டி, பதிவுகாரர் முகத்தையே காணாதவர் எதைக் கொண்டு காட்டுவார்?

'கிறீன் கார்ட்' படத்துக்கு மறுமொழியாக ஒரு படத்தைக் காட்ட வேண்டுமானால் நாம் 2014இல் வெளிவந்த 'லிமிட்டட் பார்ட்னர்ஷிப்' என்னும் விவரணப் படத்தையே காட்டுவோம். றிச்சர்ட் அடம்ஸ் பிலிப்பைன்ஸில் பிறந்த அமெரிக்கப் பிரஜை. அந்தனி சலிவன் அவுஸ்திரேலியர். இரு ஆண்களான இவர்கள் 1975இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், பதிவாளர் முறைப்படி வழங்கிய அனுமதிப்பத்திரத்துடன் மணம் செய்துகொண்டனர். அடம்ஸ் தம் துணைக்கு வதிவிடம் கேட்டு மனுச்செய்தார். திணைக்களத்தின் விடைக்கடிதம் அவ்விருவரையும் ஓர் இழிசொல்லாற் குறிப்பிட்டு, அத்தகையோரிடையே மெய்யான மணவுறவு இருக்க முடியும் என்பது நிறுவப்படவில்லை என்று கூறி மறுத்தது. 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்டது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. 1985இல் நாட்டைவிட்டு வெளியேறினர். பின்னர் திரும்பி வந்து ஒளிவுமறைவாக வாழ்ந்தனர்.

படுக்கையின் எப்பக்கம், பற்தூரிகை என்ன நிறம் என்ற பரீட்சை எதிலும் தேறியிருக்கக்கூடிய சோடி அது. அவர்களுக்கு அல்பம் சோடிக்கும் தேவை இருக்கவில்லை. அவர்கள் முதுமையடைவதைப் படக்கருவி பொறுமையோடு பின்தொடர்கிறது. நெறியாளர் தோமஸ் மில்லர் எங்கும் கண்ணீரை வற்புறுத்தவில்லை. சமையலறையையும் கடிதங்களையும் காட்டுகிறார். அலங்காரமில்லாத அந்தச் சமையலறை வியரின் கண்ணாடித் தோட்டத்தைக் காட்டிலும் நம் மனதில் நிற்கிறது.

அடம்ஸ் 2012 டிசம்பரில் இறந்தார். திணைக்களத்தின் தலைமையதிகாரி 2014இல் அந்தப் பழைய கடிதத்துக்காகச் சலிவனிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். 1975இல் கேட்ட அட்டை 2016இல் அவர் கைக்கு வந்தது, காலஞ்சென்ற பிரஜையொருவரின் துணைவர் என்ற முறையில்.