கலத்தில் ஏறாத தலைவி
காலிற் பிரிவும் கலத்திற் பிரிவும் குறித்து ஒரு மறுநோக்கு

தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தையும் தென் எல்லையாகக் குமரியையும் பழைய இலக்கண மரபு சுட்டுகிறது. ஒன்று மலை, மற்றொன்று கடல் சூழ்ந்த முனை. பொருள் தேடிச் செல்லும் அகப்பாடல் தலைவனுக்கு மலையைக் கடந்து செல்லும் வழியும் உண்டு. கடலைக் கடந்து செல்லும் வழியும் உண்டு. முன்னதனைக் காலிற் பிரிவு என்றும் பின்னதனைக் கலத்திற் பிரிவு என்றும் உரையாசிரியர் வழங்குவர். இவ்விரு வழிகளுள் ஒன்றில் தலைவிக்கு இடம் உண்டு, மற்றொன்றில் இல்லை. இவ்வேறுபாட்டின் காரணம் யாது என்பதையும், அதனைச் சமூக விலக்காகக் கொள்வது பொருந்துமா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூற்பாவும் இரு உரைகளும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியலில், முந்நீர்ச் செலவு பெண்ணை உடன்கொண்டு நிகழ்வதில்லை என்னும் கருத்துடைய சிறு நூற்பா ஒன்று உள்ளது. இளம்பூரணர் முந்நீர் என்பதற்குக் கடல் என்றே பொருள் கொள்கிறார். பொருள்வயிற் பிரிவில் கலத்தில் ஏறிச் செல்வது தலைவியுடன் இல்லை என்று கூறும் அவர், எனவே காலாற் செல்லும்போது அவளை உடன்கொண்டு செல்லவும் பெறும் என்று எதிர்மறையால் ஒரு விதியையும் வருவித்துக்கொள்கிறார்.

நச்சினார்க்கினியர் வேறு நெறியில் செல்கிறார். அவர் அச்சொல்லை மூன்று நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்றன் பொருட்டும் செல்லும் செலவு தலைவியோடு கூடியதன்று என்கிறார். இவ்வுரையின்படி தலைவி தரைவழியிலும் உடன்செல்லுதல் இல்லை.

இவ்விரு உரைகளுள் இளம்பூரணர் உரையே இலக்கியத்தோடு ஒட்டி வருகிறது எனலாம். சொல்லின் இயல்பான பொருளைச் சிதைக்காமை அதன் முதற் சிறப்பு. மேலும், இழந்த பொருளை ஈட்டுதற்காகப் புகாரிலிருந்து புறப்பட்ட கோவலன் கண்ணகியை உடன்கொண்டே மதுரைக்கு நடக்கிறான். அவ்விருவரும் வாணிகச் செல்வர் குடியில் பிறந்தவர்கள். வாணிகத்தால் வளர்ந்த குடியின் தம்பதியர், வாழ்வு முறிந்தபோது கூடிச் சென்றது கால்வழியே என்பது நோக்கத்தக்கது.

வேங்கட வழி

காலிற் பிரிவின் வட எல்லை வேங்கடம். இன்று திருப்பதி என்றும் திருமலை என்றும் வழங்கும் மலைப்பகுதியே அது. மாமூலனார் அகநானூற்றில் இம்மலையைப் பலமுறை பாடியுள்ளார். கள்வர் கோமான் புல்லியின் நாடு, விழாக்களால் சிறந்த ஊர், அதற்கு அப்பால் மொழி வேறுபடும் தேயம் என இவ்வழியின் செய்திகள் அவர் பாடல்களில் விரிகின்றன. விழாச் சிறப்புடைய வேங்கடத்தையே பெறுவதாயினும் தலைவன் அங்குத் தங்கிவிடான் எனத் தோழி தேற்றுவது அப்பாடல்களின் போக்கு. ஆக, வேங்கட வழியிலும் தலைவன் பெரிதும் தனித்தே செல்கிறான். ஆயினும் தரைவழி முழுவதும் பெண்ணற்ற வழியன்று.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணர் வண்டி இதற்குத் தக்க சான்றாகும். உப்பு விற்கச் செல்லும் அவ்வண்டியில் உரல் உண்டு. கோழிக் கூடு உண்டு. குழந்தையை உடைய பெண் எருதுகளின் பின்புறத்தைத் தட்டி ஓட்டுகிறாள். கணவனும் மனைவியும் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் இக்காட்சி, இற்றை நாளில் பாய்மரப் படகையே வீடாக்கித் தீவு தீவாகச் செல்லும் தம்பதியரின் வாழ்வுக்குத் தமிழில் கிடைக்கும் மிக நெருங்கிய பழைய ஒப்புமை எனலாம். வண்டிக்குக் கிடைத்த இப்பாட்டு, கலத்துக்குக் கிடைக்காதது ஏன்?

கலத்தில் பேசுவோர் யார்?

கடற்செலவின் இடர் கருதியும் ஒழுக்கம் கருதியும் பெண்கள் விலக்கப்பட்டனர் என்பது ஒரு விளக்கமாகலாம். ஆனால் நூற்பா எந்தக் காரணத்தையும் கூறவில்லை. இடரே காரணமாயின் ஆறலை கள்வர் நிறைந்த பாலைவழியும் விலக்கப்பட்டிருத்தல் வேண்டும். உடன்போக்கு நிகழ்வதோ அவ்வழியில்தான்.

காரணத்தை அகப்பாட்டின் அமைப்பிலேயே தேடுதல் பொருத்தமாகும். அகப்பாடல் கதை கூறுவதன்று; ஒருவர் கூற்றாக அமைவது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், கண்டோர் எனப் பேசுதற்குரியோர் வரையறுக்கப்பட்டுள்ளனர். உடன்போக்கில் தலைவியைத் தேடிச் செவிலி செல்கிறாள். எதிர்வருவோரை வினவுகிறாள். சுரத்திடைக் கண்டோர் இருவரின் இளமை நோக்கி இரங்குகின்றனர். நற்றாய் மனையில் இருந்து புலம்புகிறாள். வழி உண்டு, அடிச்சுவடு உண்டு, எதிர்வருவோர் உண்டு. எனவே பாட்டும் உண்டு.

கடலில் அடிச்சுவடு இல்லை. செவிலி பின்தொடர இயலாது. எதிர்வந்து இரங்கும் கண்டோரும் இலர். கலத்திலோ மீகாமனும் வணிகரும் தொழிலாளரும் நெருங்கி இருக்கின்றனர். அகவொழுக்கத்துக்கு வேண்டிய தனிமை அங்கு இல்லை. தலைவன் மட்டும் ஏறிச் சென்றால் கரையில் நிற்கும் தலைவிக்குக் கூற்று உண்டு. மதுரை மருதன் இளநாகனாரின் அகநானூற்றுப் பாடல் (255) இதனைத் தெளிவாக்கும். இரவும் பகலும் ஓடும் பெருங்கலம், கரையில் எரியும் விளக்கொளியைக் கொண்டு திசை அறியும் மீகாமன் ஆகிய கடற்காட்சிகள் அனைத்தும் அப்பாட்டில் கரையில் இருப்பவளின் கூற்றாகவே வருகின்றன. அவளும் கலத்தில் ஏறிவிட்டால் பாடுதற்குக் கரையில் எவரும் எஞ்சார்.

எனவே நூற்பா கூறுவது பெண்கள் கடலிற் செல்லலாகாது என்னும் கட்டளையன்று. அகப்பாட்டில் அத்தகைய செலவு பாடப்படுவதில்லை என்னும் இலக்கிய வழக்கே எனக் கொள்ளுதல் தகும்.

மணிமேகலையின் வான்வழி

இவ்வழக்கு எத்துணை வலிமையுடையது என்பதை அகத்திணைக்குப் புறம்பான மணிமேகலைக் காப்பியமும் காட்டுகிறது. அக்காப்பியம் தீவுகளால் நிறைந்தது. சாதுவன் கலம் உடைந்து, முறிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் கரையை அடைகிறான். அங்கு நாகர் தலைவன் தன் பெண்ணுடன் வீற்றிருக்கிறான். அவன் இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் அளிக்க, சாதுவன் மறுத்து அறம் உரைக்கிறான். தீவில் தம்பதியராக இருப்பவர் நாகரே. தமிழ்க் கணவன் தனியன். அவன் மனைவி ஆதிரை புகாரில் தீயின் நடுவே நின்றும் வேகாது பிழைத்து அவன் வரவை எதிர்நோக்குகிறாள்.

மணிமேகலை இரு தீவுகளுக்குச் செல்கிறாள். ஒருமுறையும் கலத்தில் அன்று. மணிபல்லவத்துக்கு அவளைத் தெய்வம் எடுத்துச் செல்கிறது. சாவகத்துக்கு அவள் மந்திர ஆற்றலால் வானில் செல்கிறாள். சாவக மன்னன் புண்ணியராசனும் அவளும் மணிபல்லவத்தில் சந்திக்கும்போது, மன்னன் கலம் ஏறி வருகிறான். அவளோ வான்வழியே முன்னதாக வந்திருக்கிறாள். செல்லும் இடம் ஒன்று, வழி வேறு. பெண்ணைத் தீவுக்குக் கொண்டுசெல்ல விரும்பிய சாத்தனார், அவளைக் கப்பலில் ஏற்றுவதினும் பறக்கச் செய்வதை எளிதெனக் கண்டார் போலும்.

சித்தூர்ச் சீமையிலிருந்து சென்றோர்

இலக்கிய வழக்கு இவ்வாறிருக்க, வரலாறு வேறாக நடந்தது. அதற்கு வேங்கடத்தைச் சூழ்ந்த நிலமே சான்று. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அந்நகரம் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. திருப்பதியை உள்ளடக்கிய சந்திரகிரி வட்டமும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. மொரீசியசுத் தீவுக்கு 1834 முதலும், பிசித் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து 1903 முதலும் இவ்வாறே மக்கள் சென்றனர்.

இக்கப்பல்களில் பெண்கள் இருந்தனர். குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கு நூறு ஆடவர்க்கு நாற்பது மகளிர் என்னும் விகிதம் விதிக்கப்பட்டிருந்தது. தனி ஆடவர், தம்பதியர், தனி மகளிர் ஆகியோர்க்குத் தளத்தில் வெவ்வேறு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. வேங்கடச் சாரலில் பிறந்த கணவனும் மனைவியும் வாரக்கணக்கில் கடல்மேல் வாழ்ந்தனர், உண்டனர், நோயுற்றனர், சிலர் பிள்ளையும் பெற்றனர். பெயர், தந்தை பெயர், அகவை, ஊர், உடற்குறி ஆகியவை மட்டும் கப்பற் பதிவேட்டில் எஞ்சின.

இவர்களைப் பற்றிய இலக்கியம் கரை இறங்கிய பின்னரே தொடங்குகிறது. பாரதியார் பிசித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக இரங்கினார். புதுமைப்பித்தன் துன்பக்கேணியில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார். இரண்டும் பெருமைக்குரிய படைப்புகள். ஆயினும் அவற்றின் களம் தோட்டமே, கலம் அன்று. பழைய வழக்கு நூற்பாவை அறியாத வாழ்விலும் தன் நிழலை விட்டுச் சென்றிருக்கிறது.

குறிப்பேடு எழுதிய மனைவி

தம்பதியர் கடல்வாழ்வு இலக்கியமாவதற்கு வேண்டியது யாது என்பதைப் பிறமொழி நூல் இணை ஒன்று உணர்த்துகிறது. 1907இல் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனும் அவர் மனைவி சார்மியனும் சிநார்க் என்னும் பாய்மரப் படகில் சான்பிரான்சிசுகோ விரிகுடாவிலிருந்து புறப்பட்டு அவாய், மார்க்கேசாசு, தகித்தி, சமோவா, பிசி, சாலமன் தீவுகள் ஆகியவற்றைக் கண்டனர். ஏழாண்டுத் திட்டம் நோயினால் 1908இலேயே முடிவுற்றது. கணவர் தம் பயண நூலை 1911இல் வெளியிட்டார். மனைவி தம் நாட்குறிப்பை 1915இல் தனி நூலாக வெளியிட்டார். கணவரின் நூல் தனித்தனிக் கட்டுரைகளாக, நிகழ்ச்சிகளின் உச்சங்களைத் தேர்ந்தெடுத்துச் செல்வது. மனைவியின் நூல் நாள்தோறும் தொடர்வது. அகப்பாட்டில் இல்லாத கூற்று, அதாவது கலத்துக்குள் இருக்கும் பெண்ணின் கூற்று, இங்குப் பிறக்கிறது. கண்டோரும் செவிலியும் இல்லாத இடத்தில் அவளே காண்பவளும் சொல்பவளும் ஆகிறாள்.

தமிழர் கலம் ஒன்றும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. ஈழத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி ராபின்சன் வாங்கித் தம் மனைவி புளோரன்சின் பெயரைச் சூட்டினார். தமிழ் மாலுமிகள் அதனைச் செலுத்தி 1938இல் அமெரிக்காவின் குளோசுடர் துறையை அடைந்தனர். கலத்துக்கு ஒரு பெண் பெயர் போய் மற்றொரு பெண் பெயர் வந்தது. அதனைச் செலுத்தியோரின் இல்லங்களில் காத்திருந்த மகளிரின் கூற்றை நாம் பெற்றிலோம்.

முடிவுரை

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் மீண்டனர். வேங்கடமும் இன்று கடலுக்குத் தொலைவானதன்று. 2022இல் உருவான திருப்பதி மாவட்டம் சூலூர்ப்பேட்டை, சிறீஅரிக்கோட்டை வழியாகக் கடலைத் தொடுகிறது. இந்நிலையில் அந்நூற்பாவைப் பழந்தமிழ்ப் பெண்டிர் கடல் கடந்திலர் என்பதற்குச் சான்றாக வகுப்பறையில் கற்பித்தல் இரு வகையில் தவறாகும். அது இலக்கிய வழக்கை வாழ்வின் விலக்காக மாற்றுகிறது. உண்மையில் கடல் கடந்த வட ஆர்க்காட்டு மனைவியரை இரண்டாம் முறையும் மறைத்துவிடுகிறது.

அகப்பாட்டு எதைப் பாட இயன்றது என்பதை நூற்பா நமக்குக் கூறுகிறது. எது நிகழ்ந்தது என்பதை அறியக் கப்பற் பதிவேடுகளையும், மொரீசியசு, நேட்டால், பிசித் தமிழரிடை வழங்கும் வாய்மொழி வழக்குகளையும் அதனோடு வைத்துப் பயில வேண்டும். திருப்பதிப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறை போன்று வட எல்லையில் அமைந்த துறைகள், தம் சுற்றுப்புறத்து ஊர்ப்பெயர்களை அப்பதிவேடுகளில் தேடத் தொடங்குதல் இவ்வாய்வுக்கு நல்ல தொடக்கமாக அமையும்.