முதலில் மண்ணைப் பார்

ஒரு புத்தகம் சொன்ன ஜோசியம் பலிக்கவில்லை. ஆனாலும் அதைப் படிக்கச் சொல்கிறேன். காரணம் கேளுங்கள்.

ராப் ஹாப்கின்ஸ் எழுதிய 'தி டிரான்ஸிஷன் ஹேண்ட்புக்' 2008-ல் வந்தது. பூமியில் எண்ணெய் எடுப்பது உச்சத்தை எட்டப்போகிறது, அப்புறம் இறங்குமுகம்தான், அதற்குள் ஒவ்வொரு சின்ன ஊரும் தன் சோற்றையும் சக்தியையும் தானே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பது அதன் வாதம். அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தாண்டியது. 'பார்த்தீர்களா?' என்றார்கள். வருஷக் கடைசியில் 40-க்குக் கீழே வந்துவிட்டது. பிறகு அமெரிக்காக்காரர்கள் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுத்து, 2018-ல் தங்கள் 1970-ம் வருஷத்து ரெக்கார்டையே முறியடித்தார்கள். எண்ணெய் தீரவில்லை. அதை எரிப்பதால் பூமி சூடாவதும் தீரவில்லை.

ஹாப்கின்ஸ் அடிப்படையில் பெர்மாகல்ச்சர் வாத்தியார். 1978-ல் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் எழுதிய புத்தகத்தோடு பரவிய வார்த்தை அது. விஷயம் எளிமையானது. கோழி முட்டை போடும் மெஷின் இல்லை. கிளறும், பூச்சி தின்னும், எரு போடும். அதைத் தோட்டத்தில் சரியான இடத்தில் விட்டால் மூன்று ஆள் வேலை மிச்சம். மரம், குளம், கோழி, மனுஷன் எல்லாம் ஒன்றுக்கொன்று உதவுகிற மாதிரி அமைப்பதுதான் பெர்மாகல்ச்சர்.

அயர்லாந்தில் கின்சேல் என்ற சின்ன ஊரின் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்தார். 2005-ல் அவருடைய மாணவர்கள் அந்த ஊருக்கு 2021 வரை வருஷவாரியாக ஒரு திட்டம் தயாரித்தார்கள். தோட்டத்துக்குப் போட்ட வரைபடத்தை ஊருக்கே போட்டால் என்ன? இந்த ஒரு கேள்விதான் புத்தகத்தின் உயிர். பிறகு இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்து டாட்னஸ் ஊருக்கு வந்து, 2006-ல் நண்பர்களோடு இயக்கத்தைத் தொடங்கினார். ஊர்ப் பொது இடங்களில் வால்நட், பாதாம் மரங்கள் நட்டார்கள். 2007-ல் ஊருக்குள் மட்டும் செல்லும் 'டாட்னஸ் பவுண்டு' அச்சடித்தார்கள். 2019-ல் அதை நிறுத்தியும் விட்டார்கள். எல்லோரும் கார்டு தேய்க்க ஆரம்பித்தபின் காகித நோட்டுக்கு வேலை குறைந்துவிட்டது.

புத்தகத்தில் 12 படிகள் இருக்கின்றன. முதல் படியிலேயே, 'ஒரு குழு அமையுங்கள், அது எப்போது கலைய வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்' என்கிறார். சங்கம் வைத்துத் தலைவர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பத்தாவது படி, பெரியவர்களை மதி. மலிவான எண்ணெய்க்கு முன்னால் எப்படி வாழ்ந்தீர்கள் என்று தாத்தா, பாட்டிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள் என்கிறார். பயமுறுத்தும் புத்தகங்களுக்கு நடுவே, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லும் புத்தகம் இது.

குறை எங்கே? டிராபீஸ் என்ற குழு 2008-லேயே நேராகக் கேட்டது: யாரோடும் சண்டை போடாமல், யாருடைய அதிகாரத்தையும் தொடாமல் மாற்றம் வருமா? நியாயமான கேள்வி. 2012-ல் காஸ்டா என்ற பெரிய காபிக் கம்பெனி டாட்னஸில் கடை திறக்க அனுமதி வாங்கியது. ஊர்க்காரர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். கம்பெனி பின்வாங்கியது. ஆக, மரம் நடுவது மட்டும் போதவில்லை, மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று தெரிகிறது. எந்த ஊரிலும் 12 படி ஏறிவிடலாம் என்ற தொனி. டாட்னஸ் எந்த ஊரோ இல்லை. அதையொட்டி டார்ட்டிங்டன் இருக்கிறது. லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் 1922-ல் தாகூருக்காக ஸ்ரீநிகேதனில் கிராமப் புனரமைப்பு வேலையைத் தொடங்கி வைத்தவர். 1925-ல் மனைவி டோரதியின் பணத்தில் டார்ட்டிங்டன் எஸ்டேட்டை வாங்கி, விவசாயம், கைத்தொழில், பள்ளி, நாடகம் என்று அதே பரிசோதனையைத் தொடர்ந்தார். பிற்பாடு ஷூமாக்கர் கல்லூரி வந்ததும் அங்கேதான். அந்த ஷூமாக்கர் 'சின்னதே அழகு' நூலில் மேற்கோள் காட்டிய ஒருவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. 1940-களில் சிறையில் உட்கார்ந்து 'நிலைத்த பொருளாதாரம்' எழுதியவர். ஆக, ஹாப்கின்ஸ் விதை போட்ட மண்ணில் 80 வருஷமாக எரு விழுந்திருந்தது. அதில் கொஞ்சம் நம் ஊர் எருவும் உண்டு.

இந்த வசதி இல்லாத, மூன்று ஷிஃப்ட் வேலைக்குப் போகிற ஊரில் சாயங்காலக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? நேரமும் படிப்பும் உள்ளவர்கள்தான். இந்த இயக்கத்தை ஆராய்ந்த பலரும் சொன்னது இதுதான். ஹோம்கிரன் 2002-ல் எழுதிய பெர்மாகல்ச்சர் விதிகளும் 12. அதில் முதல் விதி, கவனி. வெட்டுவதற்கு முன் மண்ணைப் பார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். ஹாப்கின்ஸின் படிகள் குழு அமைப்பதில் தொடங்குகின்றன. ஊரில் யார் ராத்திரி வேலை பார்க்கிறார்கள், யாருக்குக் காணி இல்லை என்று பார்ப்பதில் தொடங்கவில்லை.

மனுஷனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். 2011-ல் வந்த அடுத்த புத்தகத்தில் 'படிகள்' போய்விட்டன. 'சேர்மானங்கள்' என்று எழுதினார். இருப்பதைப் போட்டு, அவரவர் கைப்பக்குவத்தில் சமைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தன் தவறை மூன்றே வருஷத்தில் திருத்திக்கொள்கிற இயக்கங்கள் அபூர்வம்.

அதனால் முதல் புத்தகத்தையே படியுங்கள். எண்ணெய் பற்றிய பக்கங்களை வேகமாகத் தாண்டலாம். பத்தாவது படியில் நிதானமாக நில்லுங்கள். உங்கள் தெருவிலும் ஒரு பாட்டி இருப்பார். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் வெயில் மாதத்தை எப்படி ஓட்டினார் என்று அவரைக் கேட்க எண்ணெய் தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.