டுராராரா: தலை தேடும் செல்டியும் தூங்காத இகேபுகுரோவும்

நள்ளிரவு. டோக்கியோவின் இகேபுகுரோ வட்டாரத்தில் ஒரு கறுப்பு பைக் விரைகிறது. முன்விளக்கு இல்லை, நம்பர் பிளேட் இல்லை. எஞ்சின் உறுமலுக்குப் பதில் குதிரை கனைக்கிறது. ஓட்டிவரும் பெண்ணுக்குப் பூனைக்காது வைத்த மஞ்சள் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டுக்குள் தலை கிடையாது.

2010 ஜனவரி முதல் ஜூன் வரை 24 எபிசோடுகளாக ஒளிபரப்பான 'டுராராரா' அனிமேயின் நாயகி இவள்தான். ரியோகோ நரிதா 2004-இல் எழுதத் தொடங்கிய லைட் நாவல் வரிசைதான் மூலம். தகாஹிரோ ஓமோரி இயக்க, பிரெய்ன்ஸ் பேஸ் ஸ்டூடியோ தயாரித்தது. முதல் தடவை ரயில் பயணங்களில் கைபேசியில் பார்த்தேன். இரண்டாம் தடவை வீட்டு டிவியில், நிதானமாக. இரண்டையும் சேர்த்து இதை எழுதுகிறேன். பெரிய முடிச்சுகள் எதையும் இங்கே அவிழ்க்கவில்லை.

கதைக்களம்

மிகாடோ என்ற பள்ளி மாணவன் சிற்றூரிலிருந்து இகேபுகுரோவுக்குப் படிக்க வருகிறான். நண்பன் கிடா ஊரைச் சுற்றிக்காட்டி, யார் பக்கம் போகக் கூடாது என்று பட்டியல் போடுகிறான். பானம் விற்கும் இயந்திரத்தைப் பிடுங்கி எறியும் ஷிசுவோ. மனிதர்களை ஆட்டிவைத்து வேடிக்கை பார்க்கும் தகவல் வியாபாரி இஸாயா. அடையாள நிறம் எதுவும் அணியாத, யார் தலைவர் என்றே தெரியாத 'டாலர்ஸ்' கும்பல். இவர்களுக்கு நடுவே செல்டி. அயர்லாந்து நாட்டார் கதைகளின் டுல்லஹான் என்ற தலையில்லாத தேவதை. தொலைந்த தலையைத் தேடி ஜப்பானுக்கு வந்தவள், இங்கே கூரியர் வேலை பார்த்துப் பிழைக்கிறாள்.

பலம்

முதல் பலம் ஊர். சன்ஷைன் 60 கோபுரமும் அதை நோக்கிப் போகும் கடைத்தெருவும் நிஜ இடங்கள். நிறம் அணிந்து திரியும் இளைஞர் கும்பல்களும் இந்தத் தொடரின் கற்பனை அல்ல. 1997-இல் தொடங்கிய இரா இஷிதாவின் 'இகேபுகுரோ வெஸ்ட் கேட் பார்க்' கதைகளும், 2000-இல் வந்த அதன் தொலைக்காட்சி வடிவமும் ஏற்கெனவே பதிவு செய்த உலகம் அது. அந்த மண்ணில்தான் நரிதா ஒரு டுல்லஹானை இறக்கிவிடுகிறார். ஊர் உண்மையாக இருப்பதால் அமானுஷ்யமும் உண்மையாகிவிடுகிறது. இதே ஓமோரிதான் 'நட்சுமே யூஜின்ச்சோ' அனிமேயில் கிராமத்து மரநிழலில் ஆவிகளை உலவவிட்டவர். இங்கே நியான் வெளிச்சத்திலும் அதே பரிவு மாறவில்லை.

இரண்டாவது, செல்டி. முகம் இல்லாத ஒருத்தியை எப்படி நடிக்க வைப்பது? பேச வேண்டுமென்றால் கையடக்கக் கருவியில் தட்டி, திரையை எதிரே நீட்டுகிறாள். கோபம் வந்தால் தட்டும் வேகம் கூடுகிறது. வெட்கப்பட்டால் தோள் குறுகுகிறது. கழுத்திலிருந்து எழும் கரும்புகை மனநிலைக்கேற்ப அலைகிறது. அவள் மனக்குரலாக வரும் மியுகி சவாஷிரோ அதற்கு உயிர் கொடுக்கிறார். உடன் வசிக்கும் டாக்டர் ஷின்ராவோடு அவள் சண்டை போட்டுச் சமாதானமாகும் காட்சிகளில், தொடர் முழுக்க இவள் அளவுக்கு மனுஷத்தன்மை உள்ள வேறு பாத்திரம் இல்லை என்று தோன்றியது.

மூன்றாவது, 11-ஆவது எபிசோடு. இதற்காகவே தொடரைப் பார்க்கலாம். கடைத்தெருவில் இரவுக் கூட்டம். எதிரெதிரே இருவர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் அதிகாரம், ஆட்பலம். இன்னொருவர் கையில் கைபேசி மட்டும். ஒரு மெசேஜ் போகிறது. பக்கத்தில் ஒரு போன் ஒலிக்கிறது. அப்புறம் இன்னொன்று. பிறகு தெரு முழுக்க. இந்த மெசேஜைப் பார்க்காமல் நிற்பவர்தான் எதிரி, தொட வேண்டாம், சும்மா பாருங்கள் என்பதே கட்டளை. நூற்றுக்கணக்கான கண்கள் திரும்புகின்றன. அடி இல்லை, ரத்தம் இல்லை. மடக்கு போன் காலத்தில் எடுத்த இந்தக் காட்சி, இணையக் கூட்டத்தின் வலிமையையும் பயங்கரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

மகோடோ யோஷிமோரியின் இசை இன்னொரு வரம். பேய்க்கதைக்கான மிரட்டல் இல்லாமல், சந்தைத் தெருவின் துள்ளலோடு ஓடுகிறது. ஹெட்போனில் கேளுங்கள்.

பலவீனம்

12-ஆவது எபிசோடோடு முதல் கதை அழகாக முடிகிறது. அதன்பின் வேகம் தளர்கிறது. சாபம் பிடித்த வாள் பற்றிய பகுதி சுவாரசியமாகத் தொடங்கினாலும், கடைசி ஏழு எபிசோடுகளில் மிகாடோ, கிடா, அவர்களின் பள்ளித் தோழி என்ற மூவரும் ஒருவருக்கொருவர் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிக் கதை தேவைப்பட்டிருக்காது. சொல்லாமல் இழுக்கிறார்கள். செல்டி ஓரத்துக்குப் போய்விடுகிறாள். படத்தின் தரமும் சில இடங்களில் இறங்குவது பெரிய திரையில் தெளிவாகத் தெரிகிறது.

இஸாயாவை எல்லாம் அறிந்தவனாக வைத்திருப்பது கதாசிரியருக்கு வசதி. பார்க்கிற நமக்கு ஏமாற்றம். எந்தத் திருப்பத்துக்கும் அவன் கைதான் காரணம் என்றால் வியப்புக்கு இடமில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதை ஒரு கிளைக்கதை காதல் என்றே ஏற்றுக்கொள்கிறது. அது எனக்கு உவப்பாக இல்லை.

2015 ஜனவரி முதல் மூன்று பாகங்களாக வந்த தொடர்ச்சிக்கு 36 எபிசோடுகள். ஸ்டூடியோ மாறியது, தயாரித்தது ஷூகா. புதுமுகங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெயர்களை நினைவில் வைப்பதே வேலையாகிவிடுகிறது. செல்டியின் மேல் பற்று வந்தவர்கள் மட்டும் தொடரலாம்.

எதில் பார்ப்பது?

டிவியில் பாருங்கள். பாத்திரங்கள் புனைபெயரில் அரட்டை அடிக்கும் சாட் காட்சிகள் அடிக்கடி வருகின்றன. கைபேசித் திரையில் அரட்டை எழுத்தும் சப்டைட்டிலும் முட்டிக்கொண்டன. யார் எதைச் சொன்னார் என்று பலமுறை பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. யார் எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறார் என்பது கதையின் சாவி என்பதால் இதை விட்டுவிடவும் முடியாது. ஜப்பானிய ஒலியே நல்ல தேர்வு.

தீர்ப்பு

முதல் 12 எபிசோடுகளுக்கு 10-க்கு 9, அடுத்த 12-க்கு 6. நேர்க்கோட்டில் போகும் கதையும் இடைவிடாத சண்டையும் வேண்டுவோருக்கு இது பொருந்தாது. மூன்று எபிசோடு பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதுவரை ஆட்களை அறிமுகம் செய்வதிலேயே போய்விடும். நான்காவதில் செல்டி தன் கதையைச் சொல்கிறாள். தலையில்லாத அவள் படும் தனிமை உங்களைத் தொட்டால், இந்த ஊர் உங்களுக்கானது. தொடாவிட்டால் தாராளமாக அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.