இருநூற்றைம்பது குஞ்சுகளும் ஒரு கொட்டகையும்

சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ புதிதாகக் கோழி வளர்க்க எண்ணுபவர் முதலில் கேட்பது, "எந்த இனம் வாங்கலாம்?" என்பதே. அடுத்து, "கொட்டகை எப்படிப் போடலாம்?" என்பார். இவை இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றே. இதை மறந்தால் என்ன நேரும் என்பதை ஓர் அரசுத் திட்டத்தைக் கொண்டே ஆராய்வோம்.

சிறிய அளவிலான நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்கும் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு 2022-23-ஆம் ஆண்டில் அறிவித்தது. கொட்டகை, கருவிகள், நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றின் செலவில் பாதி மானியம். ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து நான்கு வார வயதுடைய 250 குஞ்சுகள் இலவசம். கொட்டகைக்குக் குறைந்தது 625 சதுர அடி நிலம் வேண்டும். கைம்பெண்கள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு, பயனாளிகளில் 30 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினராக இருக்க வேண்டும் என்பதும் விதி.

நல்லதை முதலில் சொல்வோம். பிறந்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. அனுபவமற்றவர் கையில் குஞ்சுகள் மடிவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். நான்கு வாரம் வளர்த்துக் கொடுப்பது அறிவுடைய ஏற்பாடு.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 625 சதுர அடியை 250-ஆல் வகுத்தால் கோழி ஒன்றுக்கு 2.5 சதுர அடி. ஆழ்கூள முறையில் அடைத்து வளர்க்கும் கோழிக்கு ஏறத்தாழ இதுவே அளவு. அதாவது, திட்டத்தின் கோழி மேயும் கோழி அன்று, அடைபட்ட கோழி. அடைபட்ட கோழி நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் தீவனம் தின்னும். 250 கோழிகளுக்கு 20 முதல் 25 கிலோ! நான்கு மாதம் கழித்து மானியத் தீவனம் தீரும்போது அவற்றின் வயது ஐந்து மாதம். நாட்டுப் பெட்டை முதல் முட்டையிட ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். முட்டை வருமுன்பே தீவனச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. சேவல்களை விற்றுச் சமாளிக்கலாம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நூறு சேவல்களை ஒரே சமயத்தில் விற்க வேண்டியவருக்கு வியாபாரி வைத்ததே விலை.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பண்ணை லெகார்ன் கோழியோ 300 முட்டை இடும். அப்படியிருந்தும் நம் பாட்டிமார் நாட்டுக்கோழியை ஏன் வளர்த்தார்கள்? அது புழுபூச்சியையும் சிந்திய நெல்லையும் தானே பொறுக்கித் தின்றது. தானே அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. அதன் இலாபம் இனத்தில் மட்டும் இல்லை, வளர்க்கும் முறையிலும் இருக்கிறது. ஒரு வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து கோழிகள் இரை தேடலாம். 250 கோழிகளால் முடியாது.

இனங்களையும் இக்கண்கொண்டே பாருங்கள். ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா இனங்கள் நாட்டுக்கோழியைவிட அதிக முட்டை இடும். ஆனால் அடைகாக்க நம்ப முடியாது. இவை கலப்பினங்களாதலால், மெண்டல் கண்ட விதிப்படி, அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்க வேண்டும். பெருவிடை எனப்படும் அசீல் உடல் வலிமையுடையது. முட்டை குறைவு, சேவல்கள் ஓயாமல் சண்டையிடும். சிறுவிடை உருவில் சிறியது. நன்றாக அடைகாக்கும், குஞ்சுகளைக் காக்கும். முதல் மந்தைக்குப் பத்துச் சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சேவலும் போதும்.

இவற்றுக்கு ஆறடிக்கு ஐந்தடிக் கூண்டு போதுமானது. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். நீளவாக்குக் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, குறுகிய மேற்குச் சுவரில் மோதும். அச்சுவரை மட்டும் அடைத்துக் கட்டி, வடக்கிலும் தெற்கிலும் கம்பிவலை இடுங்கள். கீரியும் பாம்பும் நுழையாதபடி வலைக்கண் அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாட்களில் கோழிகளைத் திறந்துவிடாதீர்கள்.

நோயையும் எண்ண வேண்டும். 2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் நம்மை அம்மாநிலத்துடன் இணைக்கின்றன. வெள்ளைக் கழிச்சல் எனும் இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதைத் தவறவிட்டால் ஒரே கூரையின் கீழுள்ள 250 கோழிகளும் சில நாட்களில் போய்விடக்கூடும். பதினொரு கோழிகளை இழந்தவர் மீண்டும் தொடங்கலாம். கடன் வாங்கிக் கொட்டகை போட்ட கைம்பெண் என்ன செய்வார்?

எனவே திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் முதல் படியைத் தாழ்த்தச் சொல்கிறோம். முதலாண்டில் 25 குஞ்சுகள் கொடுத்து, அவற்றைக் காப்பாற்றியவருக்கு அடுத்த ஆண்டில் பெரிய கொட்டகைக்கு மானியம் தரலாம். நீங்களும், அரசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், உங்கள் கொல்லையில் எத்தனை கோழிக்கு இரை இருக்கிறது என்று பார்த்த பிறகே குஞ்சு வாங்கப் புறப்படுங்கள்.