33 உருப்படிகளில் நைட்டிக்கு இடமில்லை

1970களில் லண்டனில் 'வார்ட்ரோப்' என்ற துணிக்கடையை நடத்திய சூசி ஃபோ, தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். மோஸ்தர் மாறும்போதெல்லாம் புதிது வாங்க வேண்டாம். தரமாகத் தைத்த சில உடைகளை வைத்துக்கொண்டு அவற்றையே மாற்றி மாற்றிச் சேர்த்து அணிந்தால் போதும் என்றார். 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்ற பெயர் அவர் மூலம் பரவியது. 1985இல் நியூயார்க்கின் டோனா கரன், வேலைக்குப் போகும் பெண்களுக்காக 'ஏழு எளிய உடைகள்' என்ற தொகுப்பை வெளியிட்டார். 2010இல் கோர்ட்னி கார்வர் தொடங்கிய 'ப்ராஜெக்ட் 333' இன்னும் கறாரானது. மூன்று மாதங்களுக்கு உடை, செருப்பு, நகை, கைப்பை எல்லாம் சேர்த்து 33 உருப்படிகள்தான். கைக்குழந்தையையும் அலுவலகத்தையும் சேர்த்துச் சமாளிக்கும் தாய்மார்களுக்கும் இன்று பரிந்துரைக்கப்படும் முறை இது.

முறையில் பலம் இருக்கிறது. அந்தப் பலம் எண்ணிக்கையைக் குறைப்பதில் இல்லை, உடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில் இருக்கிறது. மேலே, கீழே, துப்பட்டா என்று மூன்றும் சேர்ந்த சுடிதார் செட் ஐந்து வாங்கினால் ஐந்து உடைதான். ஒன்றின் பேன்ட் சாயம் போனால் செட்டே மூலைக்குப் போய்விடும். அதே ஐந்து குர்த்திகளை, எல்லாவற்றுக்கும் பொருந்தும் மூன்று பேன்ட்டுகளோடு தனித்தனியாக வாங்கினால் பதினைந்து சேர்க்கை கிடைக்கும். கறுப்பு, கருநீலம், சந்தன நிறம் என்று கீழாடையை அடக்கிவிட்டால், டிபன் பாக்ஸ் மூடும் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில் இது சின்ன லாபமல்ல.

ஆனால் கணக்கு போட்டவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். அங்கே ஒரு மேலங்கியைத் துவைக்காமல் பல நாள் அணியலாம். சென்னை, மதுரை வெயிலில் பஸ்ஸில் போய் வந்த குர்த்தி அன்று மாலையே வாளிக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்கனிக் கொடியில் போட்ட பருத்தித் துணி இரண்டு நாளானாலும் ஈரம் காயாது. ஆக, இங்கே தேவைப்படும் உருப்படிகளைத் தீர்மானிப்பது ரசனை மட்டுமல்ல; கொடியும் மழையும்கூட. பருத்தியே நல்லது என்ற பொது அறிவுரைக்கும் இங்கே ஒரு மறுபக்கம் உண்டு. கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால்தான் நிற்கும் சேலை பார்வைக்கு அழகு. ஆனால் அதற்கு நேரம் வேண்டும், அல்லது இஸ்திரிக் கடைக்குக் காசு வேண்டும். மல்மல் போன்ற மெல்லிய பருத்தியும், மழைக்காலத்துக்கென்று இரண்டு க்ரேப் சேலையும் அவசரக்காரர்களுக்குப் பொருத்தம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. கார்வரின் விதிப்படி உள்ளாடை, இரவு உடை, வீட்டில் அணிவது எதுவும் 33இல் சேராது. தமிழ்நாட்டுத் தாய் ஒரு நாளில் அதிக நேரம் அணிந்திருப்பது எதை? நைட்டியை. சமைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, தோளில் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போவது எல்லாம் அதில்தான். வெளியே போகும் உடைக்கு இத்தனை யோசனை சொல்லும் முறை, அவள் வாழ்நாளின் பெரும்பகுதி உடையைக் கணக்கிலேயே எடுக்காதது பெரிய ஓட்டை. சாயம் வெளுத்த மூன்று நைட்டியைக் கழித்துவிட்டு, பாக்கெட் வைத்த, பாலூட்ட முன்பக்கம் ஜிப் உள்ள, வாசலுக்கு வரத் தயங்க வேண்டாத மூன்று வீட்டு உடைகளை வாங்குவது எந்த 33ஐயும்விட உடனடியாகப் பயன்படும்.

சேலை உடுத்துபவர்களுக்குச் சிக்கல் வேறு. 2019இல் தமிழக அரசு தலைமைச் செயலகப் பெண் ஊழியர்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்று உடை குறித்தது. அரசு அலுவலகங்களில் இன்றும் சேலைக்குத்தான் செல்வாக்கு. சேலைக்கு அளவு கிடையாது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அதே ஐந்தரை மீட்டர் பொருந்தும். மக்கர் செய்வது ரவிக்கை. சில மாதங்களுக்குள் உடம்பு மாற, முப்பது சேலை இருந்தும் உடுத்த முடிவது நான்கு என்றாகிவிடும். லைனிங் வைத்த ரவிக்கையின் தையல் கூலி சில சமயம் சாதாரணப் பருத்திச் சேலையின் விலையையே எட்டிவிடுகிறது. அதனால் இங்கே தொகுப்பைச் சேலையிலிருந்து அல்ல, ரவிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். கறுப்பு, அரக்கு, மங்கிய பொன்னிறம், கலம்காரி என்று நான்கு, உள்தையலில் பிரித்துவிடத் துணி விட்டுத் தைத்தவை, பல சேலைகளைத் தாங்கும்.

எடுப்பாகத் தெரிவதற்கும் வெளிநாட்டுப் பட்டியல்கள் முழுதாக உதவுவதில்லை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வெளிர் சாம்பலும் வெளிர் பழுப்பும் மாநிற முகத்தருகே பலருக்குச் சோர்வைக் கூட்டும். கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, அரக்கு, அவுரி நீலம் முகத்தைத் தூக்கிக் காட்டும். குர்த்தியில் கவனிக்க வேண்டியது தோள். வயிற்றுக்காக ஒரு அளவு பெரிதாக எடுத்தால் தோள்தையல் கைக்கு இறங்கி, ஆளே இரவல் உடையில் இருப்பதுபோல் தெரிவார். பக்கங்களைப் பிடித்து அடிப்பது தையல்காரருக்கு எளிது. தோளைத் திருத்துவது கடினம். தோள் பொருந்தி, வயிற்றருகே தளர்ந்து விரியும் ஏ-லைன் வெட்டைத் தேடுவதே வழி.

வேண்டாததைக் கழி என்ற அறிவுரைக்கும் இங்கே வரம்பு உண்டு. வளைகாப்புக்கு வந்த சேலையையோ அம்மா வைத்துக் கொடுத்த பட்டுச் சேலையையோ யாரும் மூட்டை கட்டிவிட மாட்டார்கள். தாம்பூலப் பையில் வந்த ரவிக்கைத் துணிகள் வேறு குவிந்திருக்கும். மறுபுறம், பழைய பருத்திச் சேலை தூளியாகி, பிறகு கரித்துணியாகும் வழக்கம் இங்கே முன்பே இருக்கிறது. சிக்கனத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இருப்பதையெல்லாம் கழித்துவிட்டு 'அடிப்படை உடைகள்' என்று புதிதாக வாங்கச் சொல்லும் ஆலோசனைதான் சிக்கனத்துக்கு எதிரானது.

நான்கு பேன்ட், ஆறு சட்டையோடு ஆண்கள் காலங்காலமாக அலுவலகம் போகிறார்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. 'போன வாரமும் இதே சட்டைதானே?' என்று அவர்களை யாரும் கேட்பதும் இல்லை. பெண்களிடம் கேட்கப்படும் அந்தக் கேள்வி நிற்காதவரை, குறைவான உடையோடு வாழ்வதன் சுமை பெண் தலையில்தான் இருக்கும். அதை எந்தப் பட்டியலும் தீர்க்காது.

எனவே சேர்க்கைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம், 33 என்ற எண்ணை விட்டுவிடலாம். ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்பும் முன், பீரோவில் இன்று உடம்புக்குப் பொருந்தும் ரவிக்கைகளை மட்டும் எடுத்து வெளியே வையுங்கள். அவற்றில் இரண்டுக்காவது பொருந்தாத புதுச் சேலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.