வாசலில் நின்று பாடும் செய்தி

நெல்லைச் சீமையின் கிறிஸ்தவக் கிராமங்களில் டிசம்பர் பிறந்துவிட்டால் இரவுக்கு வேறு முகம் வந்துவிடும். சாமம் தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்குப் பாடகர் குழு தெருவில் இறங்கும். என் சிறுவயதில் முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்கு போகும். பின்னே கழுத்தில் கயிறு மாட்டித் தொங்கவிட்ட ஆர்மோனியப் பெட்டி, கஞ்சிரா, சிங்கி. வீட்டுக்காரர் எழுந்து கதவு திறக்கும்வரை காத்திருக்கும் வழக்கம் இல்லை. வாசலில் நின்ற கணமே பாட்டு தொடங்கிவிடும்.

உள்ளே படுத்திருப்பவர் அரைத் தூக்கத்தில் இருப்பார். அவர் கையில் பாட்டுப் புத்தகம் இராது. சாத்திய கதவு வழியே அவர் காதில் போய் விழுவது வெறும் சத்தமா, சொல்லா? கிறிஸ்து பிறப்புப் பாடல்களை நிறுத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த தராசு இது ஒன்றே. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்கு முதலில் வந்தது ஒரு செய்தி. பாட்டு அதன் பின்னர்தான் எழுந்தது. கேரல் பாடுகிறவர் அந்தச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோகிறார். செய்தி கேட்காமல் போனால் மெட்டு எத்தனை இனிமையாக இருந்தும் பயனில்லை. தமிழில் வளர்ந்த ஐந்து பாட்டு மரபுகளை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

ஞானப்பாட்டும் பாமாலையும்

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்தே ஜெர்மானியச் சபைப் பாடல்கள் தமிழுக்கு வரத் தொடங்கின. 1740இல் வந்த பப்ரிசியஸ் அந்தப் பணியை நெடுங்காலம் செய்தார். லுத்தரன் சபைகள் இவற்றை ‘ஞானப்பாட்டுகள்’ என்கின்றன. ஆங்கிலேய மிஷன் வழிவந்த சபைகளில் ‘பாமாலை’ என்ற பெயர் நிலைத்தது. ஐசக் வாட்ஸ் 98ஆம் சங்கீதத்தைத் தழுவி 1719இல் வெளியிட்ட பாட்டும், சார்லஸ் வெஸ்லி 1739இல் வெளியிட்ட பாட்டும் இந்த வழியாகத்தான் நம் கிராமக் கோயில்களுக்கு வந்து சேர்ந்தன.

அயல் மெட்டுக்குள் தமிழை அடைப்பது எளிதன்று. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. கிறிஸ்துவின் பிறப்பு மீட்பைத் ‘தரும்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெட்டு அந்த முதலெழுத்தில் நீண்டு நின்றால் பாடுகிறவர் வாயில் அது ‘தாரும்’ ஆகிவிடும். அந்தப் பிறப்பு தருகிறது என்ற அறிவிப்பு, எங்களுக்குத் தாரும் என்ற மன்றாட்டாக மாறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலப் பாட்டு பெரும்பாலும் ஒரு சின்ன அசையைத் தாளத்துக்கு முன்னே தூக்கிப் போட்டுவிட்டு நடக்கும். தமிழ்ச் சொல்லுக்கோ உயிர் முதலெழுத்தில் இருக்கிறது. அது தாளத்துக்கு வெளியே போய் விகுதியில் அடி விழுந்தால், கேட்பவர் சொல்லைத் தேட வேண்டியிருக்கும்.

இந்தத் தடைகளைத் தாண்டியும் வேர்விட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. ‘பக்தரே வாரும்’ இன்று தமிழ்ப் பாட்டாகவே ஆகிவிட்டது. அதன் மூல மெட்டில் அழைப்பு வரி மூன்று முறை திரும்ப வரும். முதல் முறை கேட்டவர் இரண்டாம் முறை சேர்ந்துகொள்வார். மூன்றாம் முறை கோயிலே பாடும். நம் பல்லவி செய்யும் வேலையை அந்த வரி செய்கிறது. யோசேப் மோர் எழுதி ஃபிரான்ஸ் குரூபர் மெட்டமைத்த ‘சைலன்ட் நைட்’, 1818ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின இரவில், ஆஸ்திரியாவின் ஓபெர்ண்டார்ஃப் ஊரில் முதலில் கிதார் இசையோடு பாடப்பட்டது. அதன் நடை மும்மூன்றாக அசையும். நம் திஸ்ர நடைத் தாலாட்டில் தொட்டில் ஆடுவதும் அப்படித்தான். தமிழ்த் தாய்மாருக்கு அந்த மெட்டு அந்நியமாகப் படாததற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

கீர்த்தனை

1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த கீர்த்தனைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், சுவார்ச் ஐயர் என்ற மிஷனரியின் மாணவராகத் தஞ்சையில் வளர்ந்தார். சரபோஜி மன்னரும் அந்த ஐயரிடம் பயின்றவரே. சாஸ்திரியார் 1800இல் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தி குறி சொல்கிறாள், சிங்கன் வலை விரிக்கிறான், வலையில் விழும் பறவைகள் மனித ஆத்துமாக்கள். கிறிஸ்து பிறந்த ஊரை இவ்வளவு துணிவோடு குறவஞ்சிக்குள் கொண்டுவந்த அவரே, சபைக்குள் சாதி வேறுபாடு நீடிக்கலாம் என்றும் வாதிட்டார். பாட்டை வணங்கி ஏற்கும் நாம் அந்த வாதத்தை ஏற்க முடியாது.

1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின் அவை ஊர்தோறும் பரவின. இன்றும் நம் புத்தகங்களில் கீர்த்தனையின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். சபையோ அந்த இராகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பாடித் தேய்த்து, தன் குரலுக்கு இசைந்த எளிய மெட்டாக்கி வைத்திருக்கிறது. அதை நான் குறையாக நினைக்கவில்லை. எழுத்தறியாத என் பாட்டி, நீண்ட கீர்த்தனைகளின் சரணங்களை ஒன்றுவிடாமல் பாடுவார். எதுகை அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும். மோனை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். புத்தகம் யாப்பிலேயே இருந்தது.

கீர்த்தனை தவறும் இடம் பதச்சேதம். சங்கதி போடும் ஆசையில் சொல்லை நடுவே உடைத்து, பாதியை ஒரு மூச்சிலும் மீதியை மறு மூச்சிலும் பாடினால் செய்தி அங்கேயே நின்றுவிடும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைப் போல, இசை ஆராய்ச்சியில் மூழ்கியபடியே சபைக்குப் பாட்டும் எழுதியவர்கள் நமக்கு உண்டு. கலையும் தெளிவும் கூடிவரும் என்பதற்கு அவர்களே சான்று.

நான்கு குரல்

1880இல் இங்கிலாந்தின் துரூரோவில் தொடங்கி, 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி வழியாகப் புகழ்பெற்ற ஒன்பது வேதபாட ஆராதனை, நம் சபைகளில் ‘கீத ஆராதனை’யாக நடக்கிறது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று குரல் பிரித்து, டோனிக் சோல்ஃபா பார்த்து மாதக்கணக்கில் பழகுகிறார்கள். நால்வகைக் குரலும் ஒரே அசையை ஒரே நேரத்தில் சொன்னால் அந்தச் சொல் நான்கு மடங்கு கனத்தோடு வரும். ஒருவர் பின் ஒருவராக வெவ்வேறு சொல்லில் நுழையும் பாடல்களில் கேட்பவர் ஒலியைத்தான் சுவைக்க முடியும். அப்படிப்பட்ட பாடலைக் கோயிலுக்குள் பாடலாம். தெருவுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

தெருப்பாட்டும் மெல்லிசையும்

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அன்போடு அழைக்கப்பட்டவர். கீர்த்தனையின் மொழியும் இசையும் மேட்டிமையின் வாசனை கொண்டவை என்று கண்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். மாட்டுக்கொட்டிலில் பிறந்தவரைப் பாட, மாட்டுக்கொட்டில் தெரிந்தவர்களின் மொழி வேண்டும் என்பதை மறுக்க யாரால் முடியும்? என் தராசில் கனமாக நிற்பது இந்த மரபு. தப்படி கேட்டதுமே சொல்லும் புரிகிறது. காலும் தானாக அசைகிறது.

இன்றைய மெல்லிசைப் பாடல்கள் இளையோரைத் தெருவுக்குக் கொண்டுவருகின்றன. அந்த நன்மை சிறிதன்று. ஆனால் பிறந்தார், மகிழ்வோம், கொண்டாடுவோம் என்ற மூன்று சொல்லுக்குள் பல பாடல்கள் நின்றுவிடுகின்றன. எங்கே பிறந்தார், ஏன் பிறந்தார், யாருக்கு முதலில் சொல்லப்பட்டது என்பதையெல்லாம் பாட்டு விட்டுவிட்டால், ஒலிபெருக்கியின் கனம் அந்த இடத்தை நிரப்பாது.

எந்த மரபையும் கைவிடச் சொல்ல இதை எழுதவில்லை. ஐந்தும் நம் சொத்து. இந்த ஆண்டு ஒத்திகையின்போது பாடகர் குழுவினர் ஒன்று செய்யுங்கள். உங்களில் ஒருவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். ஒரு பாட்டை முழுதும் பாடுங்கள். பிறகு கதவைத் திறந்து, என்ன கேட்டது என்று அவரிடம் கேளுங்கள். அவர் மெட்டை முனகினால் இன்னும் பழக வேண்டும். யார் பிறந்தார், எங்கே பிறந்தார் என்று சொன்னால், விளக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் புறப்படலாம்.