விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

பைக்கின் ரப்பர் பிரேக் ஹோஸைக் கழற்றிவிட்டு, எஃகு இழை பின்னிய ஹோஸை மாட்டிக்கொள்வது இளைஞர்களிடம் பரவலாகிவிட்டது. ‘பிரேக் நல்லா பிடிக்கும்’ என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அது எவ்வளவு தூரம் சரி?

லிவரை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தள்ளப்படும் ஆயில், காலிப்பரில் இருக்கும் பேடுகளை டிஸ்க்கோடு நெருக்குகிறது. வழியில் ரப்பர் ஹோஸ் சற்றே உப்புகிறது. பழசாக ஆக உப்பலும் கூடுகிறது. லிவர் நகரும் தூரத்தில் ஒரு பங்கு அதிலேயே வீணாகிறது. புது ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய். அது உப்பாதபடி மேலே எஃகுப் பின்னல் இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் லிவர் பஞ்சுபோல் அமுங்காது. எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். மழை ஈரத்திலும் மலைப்பாதை இறக்கத்திலும் அந்தத் தெளிவு உயிர் காக்கும்.

ஆனால் கூடுவது பிடிமானம் அல்ல, உணர்வுதான். வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதற்கு எல்லை வகுப்பது சாலையோடு டயருக்கு உள்ள பிடி. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம்: ஹோஸ் மாற்றும்போது ஆயிலும் புதிதாகிறது. டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்கு வரையறுத்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் 155. பலர் ஹோஸைப் புகழ்வதில் பாதிப் புகழ் அந்தப் புது ஆயிலுக்கும், முறையாகக் காற்றை வெளியேற்றிய கைக்கும் உரியது.

குறைகள் பெரும்பாலும் மாட்டும் இடத்தில் பிறக்கின்றன. ஹோஸ் முனையை இணைக்கும் பான்ஜோ போல்ட்டில், அந்த முனையின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். நசுங்கிய பழையதையே மறுபடி போட்டால் கசியும். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே மரையிடைவெளி 1.25, 1.0 என இரண்டு உண்டு. மாற்றி முறுக்கினால் காலிப்பரின் மரையே போய்விடும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பியும், முன்ஃபோர்க்கை முழுக்க நீட்டியும் பார்க்காமல் நீளத்தை முடிவு செய்யக்கூடாது. மேலுறை இல்லாத பின்னல், உரசும் பெயின்ட்டையும் வயரையும் அரம்போல் அறுக்கும். ரப்பரின் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். பின்னலோ உள்குழாயின் காயத்தை மறைத்துவிடும்.

ஏபிஎஸ் வண்டிகளில் கவனம் இன்னும் கூட வேண்டும். லைன்கள் ஏபிஎஸ் யூனிட் வழியாகச் செல்வதால் இணைப்புகள் அதிகம். யூனிட்டுக்குள் காற்று சிக்கினால், சில வண்டிகளில் அதை வெளியேற்ற ஸ்கேனர் கருவி தேவைப்படும். இதைச் சாலையோரத்தில் அரை மணியில் முடிக்கும் வேலையாக நினைப்பது தவறு.

எனவே ஹோஸ் வெடித்திருந்தால், ஹேண்டில்பாரை உயர்த்தியிருந்தால், மலைச்சாலையில் அடிக்கடி ஓட்டினால் இந்த மாற்றம் தகும். பளபளப்புக்காக என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயரும் புது ஆயிலும் போடலாம். எதை மாட்டினாலும், லிவரை இறுக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத்தாளை ஒற்றிப் பாருங்கள். தாள் நனையாமல் வந்த பிறகே வண்டி சாலைக்கு வரட்டும்.